கோட்டுப் பையில் இருந்த மை

நான் பத்திரிகை வேலையிலிருந்து விலகிய வாரத்தில் உதவி ஆசிரியர் ஒருவர், "பத்து ரூபாய்க்குள் நல்ல பேனா எது சார்?" என்று கேட்டார். நான் எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லவில்லை. அழுத்தி எழுதுவீரா, மேலாக எழுதுவீரா என்று கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் என்று கேட்டேன். எழுதியது எத்தனை காலம் இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்தது. மூன்றாவதைக் கேட்டு அவர் சிரித்தார். "அதற்கும் பேனாவுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

அந்தச் சம்பந்தத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ஓர் அரசாங்க வேலை செலவாயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பத்திரிகைக்கு வருமுன் நான் பத்திரப் பதிவு ஆபீசில் நகல் எழுத்தராக இருந்தேன். முதல் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருடங்களுக்கு முந்திய காலம். ஆபீஸ் தாமிரபரணிக் கரையில், கல்லிடைக்குறிச்சி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்து, நல்ல கையெழுத்து என்பதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவன் நான்.

வேலை இதுதான். பதிவுக்கு வந்த பத்திரத்தைப் பெரிய புத்தகத்தில் எழுத்துக்கு எழுத்து நகல் எடுக்க வேண்டும். பிறகு ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றொருவர் நகலில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். இருவரும் அடியில் கையெழுத்திட்ட பிறகு மூலப் பத்திரம் சொந்தக்காரரிடம் போய்விடும். அந்த மூலம் பின்னால் தீயில் போனாலும் ஆற்றோடு போனாலும், எங்கள் புத்தகத்துப் பக்கம்தான் சாட்சி.

என்னோடு ஒப்பு நோக்கியவர் மேலப்பாளையத்து மைதீன் பிச்சை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பக்கம் புரட்டும் ஒவ்வொரு தடவையும் விரலை நாக்கில் வைத்துக்கொள்வார்.

சப் ரிஜிஸ்டிராரைப் பிள்ளைவாள் என்றுதான் எல்லோரும் சொல்வோம். சிறு வயதில் ஓலையில் எழுத்தாணி பிடித்துப் பழகியவர். பேனாவையும் செங்குத்தாகப் பிடித்து அழுத்துவார். அவர் கையெழுத்தைத் தாளின் பின்புறத்தில் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனை மேஜை முன் அழைத்து, பக்கத்தை விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "வாசியும்" என்பார். வாசிக்கிறவன் தன் தப்பைத் தானே கேட்டு நிற்பான். அதற்குமேல் ஒரு சொல் வராது.

ஆபீஸ் மையைப் பற்றி அவருக்கு ஒரு முறை உண்டு. மைப்பொடியை ராத்திரியே வெந்நீரில் கரைத்து, காலையில் துணியில் வடித்து, மைக்கூடுகளில் ஊற்றுவார்கள். பிள்ளைவாள் அதைத் தொட்டு ஒரு துண்டுத் தாளில் அன்றைய தேதியை எழுதி வெளிச்சத்தில் வைப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்ததும் செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார். எழுத்து நின்றால் தாளைக் காயவைத்து ஒரு நோட்டில் ஒட்டிச் சுருக்கொப்பம் இடுவார். ஒருநாளும் அது தவறியதில்லை. அந்த மை எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். நாள் போகப் போகத் தாளுக்குள் இறங்கிக் கறுக்கும்.

எங்களுக்கு எழுதிய அளவுக்குத் தக்க கூலி. மை தொட்டு எழுதுவதில் நேரம் போகிறது என்பது என் குறை. தொட வேண்டாத பேனா ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை திருநெல்வேலி டவுனுக்குப் போனேன். ரத வீதியில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்த அண்ணாச்சி மூன்று பேனாக்களை எடுத்து வைத்தார்.

"எழுதிப் பாரும் தம்பி. ஒம்ம பேரை எழுதாதிரும். பேரை எல்லாவனும் அழகாத்தான் எழுதுதான். நாலு வரி வேகமா எழுதும்."

எழுதினேன். அவர் தாளைத் திருப்பிப் பின்புறத்தைத் தடவினார்.

"அழுத்தமே இல்ல. பஞ்சை வச்சு ஒத்துத மாதிரி எழுதுதீரு. ஒம்ம கைக்குத் தங்க முள்ளுதான். பத்து வருசம் ஆனாலும் நுனி தேயாது, எந்த மசியும் அதை அரிக்காது."

அதன் விலை என் ஒரு மாதக் கூலிக்கு மேல். நான் அதை மெல்லக் கீழே வைத்ததைப் பார்த்து அவர் அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இரண்டாவதைத் தள்ளினார். கறுப்புக் குழாய், மூடி, பொன்நிற முள். உள்ளே எஃகு, மேலே முலாம். கண்ணாடிச் சொட்டுக்குழாயால் மையை உறிஞ்சிப் பேனாவுக்குள் விட வேண்டும். எழுதினால் தண்ணீர் மாதிரி ஓடிற்று.

"ஆபீஸ் மசியை இதுல ஊத்தலாமா அண்ணாச்சி?"

"ஊத்தினா ரெண்டு மாசம். முள்ளை அரிச்சுப்போடும், மண்டி அடைச்சுக்கிடும். இந்தச் சாய மசியை ஊத்தும். கறுப்பும் நீலமும் கலந்து தாரேன், ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது." பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன எழுத்து எழுதுதீரு?"

"நகல் எழுத்து."

"நகல்தானே" என்றார்.

இதில் அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்ன நகல், எங்கே வைக்கிற நகல் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பேனாவால் நாற்பத்தோரு நாள் எழுதினேன். பக்கங்கள் அதிகமாயின, கை வலி குறைந்தது. இன்னும் ஒரு மாதம் போனதும் தங்க முள் வாங்கிவிடலாம், அப்புறம் ஆபீஸ் மையையே ஊற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிள்ளைவாள் தினமும் கூட்டிலிருந்த மையைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அது நின்றது. என் கோட்டுப் பையில் இருந்த மையை யாரும் பார்க்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் ஒப்பு நோக்கும்போது மைதீன் பிச்சை பாதியில் நிறுத்தினார்.

"ஞானமுத்து, இங்கன பாரும் வே. என் நாக்கைப் பாரும்."

"என்ன, வெத்திலையா?"

"வெத்திலை நீலமாவா இருக்கும்? உம்ம எழுத்து வே. அரை வரியைத் தின்னுட்டேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் பக்கத்தின் கீழ் மூலையைப் பார்த்தோம். எப்போதும் வெறுமையாக விடும் அந்த மூலைவரை அன்று எழுத்து இறங்கியிருந்தது. அவருடைய ஈரவிரல் பட்ட இடத்தில் இரண்டு சொற்கள் இல்லை. அந்த இடத்தில் விரல்ரேகையோடு ஒரு நீலக் கறை மட்டும் இருந்தது. அது ஓர் அடமானப் பத்திரம், மூலம் இன்னும் எங்கள் மேஜையில்தான் இருந்தது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதற்கு முன்னால் அதே மையில் நான் எழுதியவை இருநூறு பக்கத்துக்கு மேல் இருந்தன. அவற்றின் மூலங்களில் பெரும்பாலானவை வீடு போய்ச் சேர்ந்துவிட்டன.

மைதீன் பிச்சை தன் கூஜாவிலிருந்து ஒரு துண்டுத் தாளில் தண்ணீர் சொட்டினார். ஆபீஸ் மையில் அவர் எழுதியது நின்றது. நான் எழுதியது சொட்டோடு சேர்ந்து ஓடி மேஜையில் விழுந்தது.

"பைய பேசும்" என்றார். நான் பேசவே இல்லை.

மேலே எழுதிக் கறுப்பாக்கிவிடலாமா என்று கேட்டேன். அவர் கூடாது என்று தலையாட்டினார். பதிவுப் புத்தகத்தில் ஒப்பு முடிந்த எழுத்தின் மேல் பேனா வைத்தால் அது திருத்தல். திருத்தியவனுக்கு ஜெயில். பிள்ளைவாளிடம் சொல்வது ஒன்றுதான் வழி. சொன்னால் மேலிடத்துக்கு எழுதுவார். மறுநகல் எடுக்க உத்தரவு வரும். என்னை நிரந்தரமாக்கும் சிபாரிசு அப்போதுதான் போயிருந்தது. ஒப்புக் கையெழுத்திட்டவர் என்ற முறையில் மைதீன் பிச்சைக்கும் வேலை போகலாம்.

"நோம்புப் பெருநா கழியட்டும் வே. பிள்ளையளுக்குத் துணி எடுக்கணும். கழிஞ்ச மறுநா நானே உம்மகூட வந்து நிக்கேன்."

பெருநாள் கழிந்தது. பிள்ளைவாள் காய்ச்சலில் பத்து நாள் வரவில்லை. வந்த பிறகு தணிக்கை. திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் தீர்மானிப்பேன். பழைய இரும்பு முள்ளுக்கும் ஆபீஸ் மைக்கும் திரும்பிவிட்டேன். பேனா மட்டும் பையில் கிடந்தது. தனியாக விட்டுப்போனால் யாராவது எடுத்து எழுதிவிடுவார்களோ என்று பயம். மழைக்காலம் நெருங்கியதும் பதிவறையின் உடைந்த ஓடுகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் புத்தகத்தைக் கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்கு மாற்றினேன். பிள்ளைவாள் அதைப் பார்த்துவிட்டு, "பொறுப்பா இருக்கீரு" என்றார்.

ஐப்பசியில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. புத்தகத்தையும், நகல் எழுதியவனையும் கேட்டிருந்தார்கள்.

வழக்கு சண்முகத்தாய் என்ற பெண்ணுடையது. அவள் தகப்பனார் சாவதற்கு முன் ஆற்றுப்பாய்ச்சலில் ஒரு கோட்டை நெல் விதைக்கும் அளவு நிலத்தை அவளுக்கு எழுதிக்கொடுத்தார். அவரை நாற்காலியில் தூக்கிவந்து பதிவு செய்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் புருஷனில்லாதவள். பத்திரத்தைப் பரண்மேல் மூங்கில் பெட்டியில் வைத்திருந்தாள். கரையான் பாதியைத் தின்றுவிட்டது. பெரியப்பா மகன், நிலம் அவள் ஆயுள் வரைக்கும்தான், அவளுக்குப் பின் தனக்கு என்று வழக்குப் போட்டான். "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்" என்ற வரி இருந்தால் நிலம் அவளுக்கு. கரையான் தின்ற பாதியில் அந்த வரியும் போயிருந்தது. இனி அது இருந்தது என் பக்கத்தில் மட்டும், என் சாய மையில்.

புறப்படும் காலையில் பிள்ளைவாளே புத்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றி நாலுபுறமும் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சுகளைப் போடும் நேரம் முழுக்க நான் எதிரே நின்றேன். "மழை வருது. பாத்துக் கொண்டுபோம்" என்றார். சரி என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

குடையைப் புத்தகத்துக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். வழியில் கால்வாய் முழங்காலுக்கு மேல் போனது. புத்தகத்தைத் தலைமேல் வைத்து இறங்கினேன். ரயிலில் மேல் பலகையில் யாரோ வைத்த வெற்றிலைக் கூடை சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து வேறிடம் போனேன். அங்கே ஜன்னல் பலகை மூடவில்லை. திருநெல்வேலி வரை வாசல் ஓரத்தில் நின்றேன்.

கோர்ட்டில் பைபிள் மேல் கைவைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தேன். முன்சீப் நிதானமானவர், சாட்சி சொல்வதைத் தாமே எழுதிக்கொண்டிருந்தார். நான் அந்த வரியை வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் வயதானவர். புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்தார்.

"மத்த பக்கமெல்லாம் கறுப்பா இருக்கு. இங்கன மட்டும் ஏன் வே நீலம்?" என்றார். முந்திய பக்கத்தைப் புரட்ட விரலை நாக்கில் வைத்தார். அந்த விரல் என் வரியை நோக்கி இறங்கிற்று.

"ஐயா, விரலை வைக்காதிய! ஈரம் பட்டா அது அழிஞ்சுபோவும்!"

என் கை அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார்.

வக்கீல் பைய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. "அழியுமா? எஜமான் இதைக் குறிச்சுக்கிடணும். அழிக்கலாம்னா, அழிச்சு வேறயும் எழுதலாம். இந்தப் பக்கம் சாட்சியே இல்ல."

பின்னாலிருந்து சண்முகத்தாய், "என்ன சொல்லுதாவ? என் நெலத்தை என்ன சொல்லுதாவ?" என்று யாரையோ கேட்டாள். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து அவள் நிலத்தை எதிரி கையில் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அப்போது புரிந்தது.

முன்சீப் என்னைப் பார்த்தார். "முழுக்கச் சொல்லும்."

சொன்னேன். கடை, பேனா, சாய மை, நாற்பத்தோரு நாள், மைதீன் பிச்சையின் நாக்கு. ஆறு மாதமாகப் பிள்ளைவாளிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத முப்பது பேர் நடுவில் சொன்னேன்.

"அழிச்சா சுத்தமா அழியுமா?"

"அழியாது எஜமான். எழுத்து போயிரும், கறை போகாது. கூட வேலை பாக்கவர் விரல் பட்ட பக்கம் இதே புத்தகத்துல இருக்கு."

அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். நீலக் கறையும் விரல்ரேகையும் அப்படியே இருந்தன. முன்சீப் என் பேனாவை வாங்கி ஒரு தாளில் எழுதினார், காயவிட்டார், நனைத்த துணியால் துடைத்தார். தாளில் மேகம் போலக் கறை படர்ந்தது. மறுபடி துடைத்தார், கறை அகலமாயிற்றே தவிரப் போகவில்லை. அதன்மேல் எழுதினார், எழுத்து ஊறிப் பரந்தது. பிறகு சண்முகத்தாயின் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எழுத்தைச் சுற்றித் தாள் வெள்ளையாக இருந்தது, எங்கும் கறை இல்லை.

"நீரும் பாரும்" என்று வக்கீலிடம் நீட்டினார். "நாக்கைத் தொடாம பாரும்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை.

அந்த வரி அன்றே கோர்ட்டு மையில் நகல் எடுக்கப்பட்டு முன்சீப்பின் கையெழுத்தும் ஆயிற்று. வழக்கு அவள் பக்கம் தீர்ந்தது. பதிவு இலாகாவுக்கும் ஒரு கடிதம் போகும் என்று முன்சீப் என்னிடம் நேரிலேயே சொன்னார்.

வாசலில் சண்முகத்தாய் என்னை மறித்தாள். "எழுத்து நின்னுதாய்யா?"

"நின்னுது அம்மா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கும்பிடவில்லை. "நல்ல மசியா வாங்கியிருக்கக் கூடாதா?" என்றாள்.

மறுநாள் கடிதத்துக்கு முந்தி நான் பிள்ளைவாள் முன் போய் நின்றேன். மைதீன் பிச்சை சொன்ன சொல் தவறாமல் என்கூட வந்து நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை பிள்ளைவாள் குறுக்கிடவில்லை. பக்கத்தை விரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வாசியும்."

வாசித்தேன். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

அவர் மை நோட்டை எடுத்து அந்த நாற்பத்தோரு நாளின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாத் தேதிகளும் கறுத்து நின்றன. "கூட்டைத்தான் பாத்தேன். பையைப் பாக்கல" என்றார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து, முள்ளை வெளிச்சத்தில் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல பேனாதான். கடுதாசி எழுதும்."

மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் சோதனையில் இருந்த குறை தன்னுடையது என்று அவர் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். மைதீன் பிச்சை தப்பினார். பிள்ளைவாளுக்கு வரவேண்டிய உயர்வு வரவில்லை. மறுநகல் முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் எல்லாப் பக்கங்களையும் ஆபீஸ் மையில், இரும்பு முள்ளால், தனிப் புத்தகத்தில் மறுநகல் எழுதி முடித்தபின் வேலையிலிருந்து வெளியே வந்தேன்.

பிறகு கோர்ட்டுச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிப் பிழைத்தேன். அதற்கு அதே பேனாதான். மேலான கை, வேகமான எழுத்து, அச்சேறியதும் குப்பைக்குப் போகும் தாள். இவ்வளவுக்கும் அது பொருத்தமான பேனா. முள் தேயும்வரை ஒன்பது வருடம் எழுதிற்று. அண்ணாச்சி என் கைக்குச் சரியாகத்தான் கொடுத்திருந்தார்.

பல வருடம் கழித்து ஒரு வழக்குச் செய்திக்காக அந்த ஆபீசுக்குப் போக நேர்ந்தது. வந்த வேலை முடிந்ததும் அந்த இரண்டு புத்தகங்களையும் கேட்டேன். மறுநகலில் சண்முகத்தாயின் வரி நன்றாகக் கறுத்திருந்தது. அதன் கீழே பிள்ளைவாளின் கையெழுத்து; தாளைத் திருப்பித் தடவினேன், விரலில் தட்டிற்று. பிறகு பழைய புத்தகத்தில் அதே பக்கத்தை எடுத்தேன். ஈரம் படவில்லை. யாரும் துடைக்கவில்லை. அலமாரிக்குள் இருந்தபடியே வெளிறி, வைக்கோல் நிறத் தாளில் வரிவரியாக இளஞ்சிவப்பு நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது. நான் அழுத்தி எழுதுபவனல்ல. தடவிப் பார்த்தாலும் ஒன்றும் தட்டவில்லை.

ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். என் எழுத்து என்று தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரியவில்லை.